கண்ணுக்குள் அடங்காத யானை

என் மகளுக்கு ஏழு வயது முடிந்த சமயத்தில் அவள் அடிக்கடி இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பகலில் ஒன்றும் இருக்காது. பொழுது சாய்ந்ததும் வாசலில் இருக்கும் குடம், ஆடு கட்டிய கயிறு, கதவின் ஓரம் என்று எதிலாவது மோதுவாள். கண்ணைப் பொடனியிலா வைத்திருக்கிறாய் என்று திட்டுவேன். ஏழெட்டு மாதம் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது அதை எழுதக் கை கூசுகிறது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். அப்படி ஒரு சனிக்கிழமை அவருடைய வண்டிச் சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வெளியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி ஓடி, பக்கத்தில் நிறுத்தியிருந்த டிராக்டர் ட்ரெய்லரில் நெற்றியை இடித்துக்கொண்டாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர்களே கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார்கள். கண்ணைப் பார்த்தவர்கள் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

சேலத்தில் சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்காரவைத்து, மத்தியானம்வரை சோதித்தார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். எல்லாம் முடிந்து எங்களை எதிரில் உட்காரவைத்து அவர் முதலில் கேட்டது, "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?"

ஆமாம் என்றேன். அத்தை மகன். எங்கள் பக்கத்தில் முறைப்பையன் இருக்கும்போது வெளியில் கொடுத்தால்தான் நாலு பேர் காரணம் கேட்பார்கள். கட்டிக்கொண்டதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. அந்த டாக்டர்தான் முதலில் கேட்டார்.

கண்ணுக்குள் பின்பக்கமாக ஒரு ஜவ்வு இருக்கிறது, வெளிச்சம் அதில் விழுந்தால்தான் பார்வை, உங்கள் பிள்ளைக்கு அது ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது என்று அவர் விளக்கினார். முதலில் மங்கலில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. நடுவில் ஒரு ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் மிஞ்சும். அந்த ஓட்டையும் நாளாக நாளாகச் சின்னதாகும். அம்மாவிடம் பாதியும் அப்பாவிடம் பாதியும் வெளியே தெரியாமல் இருந்த கோளாறு பிள்ளையிடம் வந்து ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. கண்ணாடிக்குச் சரியாகாது, ஆபரேஷன் கிடையாது, மருந்தும் இப்போதைக்கு இல்லை. எவ்வளவு நாள் தாங்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சிலருக்கு முப்பது வயதுகூடத் தாண்டும், இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் கேட்டாள். தொப்பூர் மலையைத் தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குத் தொடங்கிய அந்தக் கெட்ட பழக்கம் என்னை விட்டுப் போக வெகுகாலம் ஆயிற்று.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவரும் நானும் ஒரே ரத்தம், யாரைச் சொல்வது. அவர் வாராவாரம் வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடப்பார். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது.

நான்தான் சும்மா இருக்கவில்லை. பென்னாகரம் தாண்டி ஒருவர் பச்சிலைச் சாறு விட்டுக் கண் நோய் தீர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வைத்தியர் சாற்றைக் கண்ணில் விட்டதும் பிள்ளை அலறினாள். அலறினால் நோய் கிளம்புகிறது என்றார். நம்பினேன். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகி, இமை ஒட்டிக்கொண்டு, எட்டு நாள் அவளால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த எட்டு நாளும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து எனக்கு ஓடியது ஒரே நினைப்புதான்: பார்க்கக் கிடைத்த கொஞ்ச நாளில் எட்டை என் கையாலேயே எடுத்துவிட்டேன்.

அவள் கண் தெளிந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. பார்வை போவதற்குள் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். உள்ளே சேர்த்து வைத்துவிட்டால் பிறகு வெளியே போனாலும் உள்ளே இருக்கும் என்று நினைத்தேன். ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். பொம்மிடி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மூன்று ரயில் பார்க்கவைத்தேன். சாமந்தித் தோட்டம், மயில், நிலா, பாம்புச் சட்டை. "நல்லா பாரு, நல்லா பாரு" என்று தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பேன். மூன்றாவது ரயில் போனதும் அவள், "பாத்துட்டேம்மா, வூட்டுக்குப் போலாமா?" என்றாள்.

ஊர் ஊராகப் போகக் காலும் நேரமும் போதவில்லை. அப்போதுதான் படப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் சாயங்கால வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. முன்பு பட்டுப்புழு வளர்த்தது. புழு வளர்ப்பை விட்ட பிறகு சுண்ணாம்பு அடித்து வகுப்புக்கு வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்து நூலகத்தில் அலமாரிக்குள் படப் புத்தகங்கள் புதுசாகவே கிடந்தன. தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

அதில் ஒரு புத்தகம் நத்தையைப் பற்றியது. நத்தை சந்தைக்குக் கிளம்புகிறது. வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறது. போய்ச் சேரும்போது சந்தை கலைந்துவிட்டது. தரையில் ஒரே ஒரு கீரை இலை கிடக்கிறது, அதைத் தின்றுவிட்டுத் தூங்குகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் படங்கள் வரைந்தவை அல்ல. காகிதத்துக்கு முதலில் சாயம் பூசி, சாயம் பூசிய காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்தவை. தக்காளிக்குள் பத்து விதச் சிவப்பு இருந்தது. நத்தை ஓட்டில் சீப்பால் இழுத்த கோடுகூடத் தெரிந்தது. மகள் அந்தத் தக்காளியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ரயிலை அப்படிப் பார்க்கவில்லை. ஒகேனக்கல்லை அப்படிப் பார்க்கவில்லை.

நாமும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். எனக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து கொட்டகையில் பாடம் பாதி, காகிதம் பாதி என்றாகிவிட்டது. தருமபுரி அச்சாபீஸ் ஒன்றில் வெட்டி மிஞ்சும் வெள்ளைத் தாள்களைக் கட்டாகக் கொடுத்தார்கள். போஸ்டர் கலர் வாங்கினேன். அது தீர்ந்தால் பெயிண்ட் கடையில் சுண்ணாம்பில் கலக்க விற்கும் சின்ன பாட்டில் சாயம். பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் வருவார்கள். தாளைத் தரையில் பரப்பி முதலில் ஒரு நிறம் பூசச் சொல்வேன். அது காய்வதற்குள் மேலே இன்னொன்று. ஈரமாக இருக்கும்போதே பழைய டூத் பிரஷ்ஷால் தெளிப்பார்கள், சீப்பால் இழுப்பார்கள், வெண்டைக்காயை நறுக்கி அச்சு வைப்பார்கள். அப்போது அது எந்தப் படமும் இல்லை, வெறும் தாள்தான். கயிறு கட்டித் துணிபோலக் காயப்போடுவோம். காய்ந்த பிறகுதான் எது இலை ஆகும், எது மீன் ஆகும் என்று தேடுவது. பிள்ளைகள் அந்தத் தேடலில்தான் கத்துவார்கள், பிடுங்கிக்கொள்வார்கள். என் மகளும் கத்தினாள். அவள் சிரிப்பதைக் கேட்டு எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்துப் பக்கம் அவளுக்குச் சின்னதாக இருக்கிறது, கண் போகிற பிள்ளைக்குப் பெரிதாகச் செய்தால்தானே தெரியும் என்று நானே முடிவு செய்தேன். சார்ட் அட்டைக்கு மாறினோம். பிறகு நான்கு சார்ட்டை ஒட்டி ஒன்றாக்கினோம். நத்தை ஒரு முறத்தளவு வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "நல்லா இருக்குதும்மா" என்பாள். இன்னும் பெரிதாகச் செய்தேன்.

கடைசியில் யானை. இன்னொரு புத்தகத்தில் ஏரியில் குளிக்கும் யானை ஒன்று இருந்தது. பாலக்கோடு பக்கம் ராகிக் கொல்லையில் யானை இறங்கிவிட்டது என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பேச்சு வரும். ஆனால் மகள் யானையை நேரில் பார்த்ததில்லை. நேரில் காட்ட என்னால் முடியாது, காகிதத்தில் முழு யானையைக் காட்டுவேன் என்று கிளம்பினேன். யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் கிடைத்தது. அதைக் குப்புறப் போட்டால் கொட்டகைத் தரை முழுக்க வெள்ளை. மைதாப் பசை அதில் பிடிக்கவில்லை, ஆசாரிகள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை டப்பாவாக வாங்கினேன். பத்து நாள் பிள்ளைகள் சாம்பல் நிறம் மட்டுமே பூசினார்கள். நீலம் கலந்த சாம்பல், ஊதா கலந்த சாம்பல், மண் நிறம் ஏறிய சாம்பல். தேங்காய் நாரால் தேய்த்துத் தோலின் சுருக்கம் கொண்டு வந்தார்கள். காதுக்கு மட்டும் நாற்பது துண்டு.

ஒட்டி முடித்த அன்று மகளை வாசலிலேயே நிறுத்திக் கண்ணைப் பொத்தி உள்ளே கூட்டி வந்தேன். எல்லாப் பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கையை எடுத்தேன். பாரு என்றேன்.

அவள் பார்த்தாள். தலையை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பினாள். பிறகு மண்டி போட்டு, யானையின் மேலேயே ஊர்ந்து போக ஆரம்பித்தாள். முகத்தைத் தாளுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு வயிற்றைத் தாண்டி, காலைத் தாண்டிப் போனாள். தும்பிக்கையின் நடுவில் நின்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இது என்னம்மா? பாறையா?"

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, அப்போது ஏழாவது படித்தவள், அவள் மட்டும் யானை என்று மெதுவாகச் சொன்னாள். ஆமா யானைதான், நல்லா இருக்குது என்று மகள் உடனே சொன்னாள். சொன்ன வேகத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு எவ்வளவு தெரிகிறது, பயப்படாமல் சொல் என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் செய்து கண்ணுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். அதற்குள் வருவதுதான் தெரியும், மற்றதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரிய படத்தில் ஒரு துண்டைப் பார்ப்பதற்குள் முந்தின துண்டு போய்விடும்.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீ ஆசையா செஞ்ச. சின்னதா இருந்தாதாம்மா எனுக்கு முழுசாத் தெரியும்."

டாக்டர் ஓட்டை என்றுதான் சொல்லியிருந்தார். ஓட்டை வழியாகப் பார்க்கிறவளுக்கு மலையைக் கொண்டுவந்து வைத்தால் மலை தெரியாது, மண்தான் தெரியும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, ஒரு நிமிஷம் அவள் இடத்தில் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன். யானையின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்த வயதில் அவள் செய்யக்கூடாத வேலை அது.

அதன் பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேகரித்தோம். கெட்டி அட்டை, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி அதில் ஒட்டினோம். ஒரு அட்டையில் ஒரு ஆடு, ஒரு அட்டையில் ஒரு மாமரம். மகள் அட்டையைக் கை நீட்டின தூரத்தில் பிடித்துக்கொண்டு, முழுசும் தெரியுது என்பாள். யானையும் ஒன்று செய்தாள். தும்பிக்கை நுனியிலிருந்து வால் வரைக்கும் அவளுடைய வட்டத்துக்குள் அடங்கிய யானை. அதைப் பார்த்து அவள் முகம் விரிந்தபோது நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் புத்தியோ, இந்த அட்டையும் எத்தனை நாளைக்கு அடங்கும் என்று கணக்குப் போட்டது.

ஒன்பது வயதில் நிறம் போக ஆரம்பித்தது. அதையும் நான் மோசமான வழியில்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் வகுப்பில் வாழை மரம் செய்துகொண்டிருந்தார்கள். அவள் இலைக்கு நீலத் தாளை வெட்டிவைத்திருந்தாள். பச்சையை எடு என்றேன். மறுபடி நீலத்தையே எடுத்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பச்சையைக் கையில் கொடுத்து, வித்தியாசத்தைப் பார் என்றேன். அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நீலத்தின் மேல் பசை தடவினாள். எனக்குள் என்ன புகுந்ததோ, கையில் பட்டென்று அடித்துவிட்டேன். பசைக் கிண்ணம் உருண்டது. எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. "எனுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள். எழுந்து வெளியே போய் ஆட்டுப்பட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் கொட்டகைக்குள் வரவில்லை. கெஞ்சினேன். மன்னிப்புக் கேட்டேன். புதுப் புத்தகங்கள் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் திறக்காமலே மூடிவைத்தாள். பள்ளிக்கூடம் போவாள், வருவாள், ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். கண்ணைத் திறடி என்று நான் சொல்வேன். தூக்கம் வருது என்பாள். இருக்கிற பார்வையை மூடிவைக்கிறாளே என்று எனக்குள்ளேயே புலம்புவேன். மற்றப் பிள்ளைகளோடு காகிதம் பூசுவேன். கை பூசும், மனம் வெளியே அவள் மூடிய கண்மேல் இருக்கும். வீட்டுக்காரரிடம் போனில் சொல்லி அழுதால் அவரும் அழுவார். பிறகு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். சோறு இறங்காது. காலையில் எழுந்ததும் அவள் தூங்கும் முகத்துக்கு நேரே விரலை அசைத்துப் பார்ப்பேன். தூங்குகிறவளுக்கு என்ன தெரியும்? அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

எதிர்வீட்டுப் பெண்தான் ஒருநாள் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவள நீங்க பாக்கறப்பல்லாம் அவ கண்ணத்தான் பாக்கறீங்களாம். அதனாலதான் மூடிக்கிறாளாம்."

பதிமூன்று வயதுப் பெண் அவள்.

மகள் திரும்பி வந்தது என் முயற்சியால் இல்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் காற்றோடு மழை அடித்து, கொட்டகைக் கூரைத் தகரத்தில் ஒன்று பெயர்ந்துவிட்டது. கயிற்றில் காய்ந்த தாளும் அடுக்கிவைத்த தாளும் நனைந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு அள்ளி அள்ளி எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவளும் ஓடினாள். மங்கலில் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. யாரோ ஒரு பிள்ளை அவள் கையில் ஈரக் கட்டைத் திணித்தது, அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குள் வந்தாள். சட்டை முழுக்கச் சாயம்.

தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் விளக்கடியில் உட்கார்ந்து பிரித்தோம். பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தன. மகள் மட்டும் பொறுமையாக விரல் நுனியால் ஓரம் தேடிப் பிரித்தாள். கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "கத்திரி வேணாம்மா, இப்படிக் கிழிச்சா எங்க போவுதுன்னு கைக்குத் தெரியுது" என்றாள். கத்தரிக்கோல் எங்கே போகிறது என்று பார்க்க முடியாமல்தான் அத்தனை நாள் தவித்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதிலிருந்து அவள் கிழித்தே செய்தாள். நிறத்துக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதிர்வீட்டுப் பெண்ணை விட்டு ஒவ்வொரு தாளின் பின்னாலும் தடித்த மார்க்கரில் நிறத்தின் முதல் எழுத்தை எழுதவைத்தாள். ப என்றால் பச்சை, நீ என்றால் நீலம். நான் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் என் தாளைத்தான் பார்க்க வேண்டும். அது அவள் போட்ட கட்டளை. சில நாள் என்னால் முடிந்தது. சில நாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

போன வருஷம் சான்றிதழுக்காகத் தருமபுரிக்குக் கூட்டிப்போனோம். பார்வைக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தால்தான் பரீட்சையில் கூடுதல் நேரம், பள்ளிக்கூடத்துக்கு வந்து, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து சொல்லித்தரும் டீச்சர் எல்லாம் கிடைக்கும். இரண்டு வருஷம் நான் அதைத் தள்ளிப்போட்டிருந்தேன். அந்தத் தாள் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் நிஜமாகிவிடும் என்று பயம்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சேலத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவோம். அங்கே மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை நான் போனில் படம் பிடித்து வந்து, வரிசை வரிசையாக மகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். பயிற்சி என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் கடைசி வரிவரைக்கும் ஒப்பித்தால் டாக்டர் முகம் மலரும், அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்கு என்ன கிடைத்தது என்று இன்றும் தெரியவில்லை. டாக்டர் இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிட்டார். என்னை வெளியே கூப்பிட்டுக் கடுமையாகப் பேசினார்.

தருமபுரியிலும் அதே பலகைதான் மாட்டியிருந்தார்கள். வரிசையில் எங்கள் முறை வந்தது. மகளை முக்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மறைத்தார்கள். முதல் எழுத்தைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் என் பக்கமாகத் திரும்பினாள். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாததால் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அம்மா, தெரிஞ்சத சொல்லட்டா? பாக்கறத சொல்லட்டா?"

அறையில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் விளங்கவில்லை. கிட்டே போய் அவள் தோளைத் தொட்டு, பார்க்கிறதை மட்டும் சொல் கண்ணு என்றேன்.

அவள் முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது வரிசையில் ஒன்று சொன்னாள். பிறகு, தெரில, தெரில, தெரில என்று ஒவ்வொன்றுக்கும் தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனை முறை என்று எண்ணாமல் இருக்க நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளை, கால் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நான் பெரியவளாயிட்டேன், இறக்கி விடுங்கப்பா என்றாள். அவர் இறக்கவில்லை.

புள்ளி எழுத்து டீச்சர் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். மகளுக்குத் தமிழ் உயிரெழுத்து முழுக்க விரலில் வந்துவிட்டது. நான் இன்னும் அவளுடைய புள்ளி எழுத்துப் புத்தகத்தைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாவது போய்விட்டாள், சாயங்காலம் அவளுக்கு நேரமில்லை. புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு மகள்தான் தாள் கிழிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். அவர்கள் பூசும் தாளுக்குப் பின்னால் எழுத்து எழுதுவது இப்போது என் வேலை. மார்க்கரில் போதுமான தடிமன் வரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இத்தனையும் செய்து என்ன ஆயிற்று என்று ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டேன். ரயில், சாமந்தி, மயில் எல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்றேன். கொஞ்சம் யோசித்தாள். ரயில் ஞாபகம் இல்லை, பொம்மிடியில் நீ என் தோளை அழுத்திப் பிடித்தது வலித்தது, அது ஞாபகம் இருக்கிறது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

போன வாரம் அவள் ஒரு கோழி செய்தாள். அட்டை அதே அளவுதான். கை நீட்டின தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் அட்டையை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள், வலது பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். மேலே, கீழே. முன்பெல்லாம் அப்படி நகர்த்த மாட்டாள். நான் பார்த்துவிட்டேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, முந்தின அளவில் பாதியாக வெட்ட ஆரம்பித்தேன். ஓரம் கோணலாக வந்தது. இன்னொன்றை எடுத்து வெட்டினேன்.